ஊட்டி உயரத்தில் மாடல் ஹைட்ரோபிளேன்: படகு காட்டும் அறிகுறியும் திருத்த வேண்டிய இடமும்

மேட்டுப்பாளையத்தில் வாங்கும்போது தளர்ந்து கிடந்த சிப்ஸ் பாக்கெட், குன்னூர் தாண்டுவதற்குள் பலூன் மாதிரி உப்பி நிற்கும். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஹைட்ரோபிளேன் பாதி நீரிலும் பாதி காற்றிலும் ஓடுகிற படகு என்பதால் அதையும் இந்த மாற்றம் விடாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. 2,133 மீட்டரில் உள்ள கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இதோடு ஏரி நீரின் குளிர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே இங்கே ஒரு கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது படகின் குறையா, மலையின் வேலையா? மலை சில கோளாறுகளை உண்டாக்கும், சிலவற்றை மறைத்தும் வைக்கும். மறைத்து வைப்பவைதான் ஆபத்து. ஊட்டியில் அழகாக ஓடிய படகு, கோயம்புத்தூர் குளத்தில் முதல் சுற்றிலேயே மல்லாந்து விழுவதும், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) புகைவதும் அதனால்தான்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் ஒரு நடுத்தரப் படகுக்கானவை: நீளம் 70 முதல் 80 செ.மீ., எடை பேட்டரியோடு 2 முதல் 2.5 கிலோ, முன்னால் இரண்டு ஸ்பான்சன் (பக்கவாட்டு மிதவைகள்), பின்னால் பாதி முங்கிச் சுழலும் ப்ரொப்பெல்லர். 4 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 5000 எம்ஏஹெச். மோட்டார் 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று), 120 ஆம்பியர் ஈஎஸ்சி, 42 மி.மீ. ப்ரொப்பெல்லர். பெரிய படகு வைத்திருப்பவர்கள் மி.மீ. கணக்கை அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன்

ஏரி இருக்கிறது என்பதற்காக இறக்கிவிட முடியாது. ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி ஆகியவை மின்வாரிய நீர்த்தேக்கங்கள். பேரிஜம் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எங்கே என்றாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சோதனை ஓட்டத்துக்கு உண்மையில் வசதியானது உரிமையாளர் சம்மதித்த எஸ்டேட் குட்டைதான். நீளம் 100 மீட்டராவது வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். 100 மீட்டர் என்பது நாலரை நொடி. அதற்குள் ஓட விட்டு, கவனித்து, திருப்பியும் ஆக வேண்டும். காட்டுமாடு தண்ணீர் குடிக்க வரும் கரை என்றால் அன்றைக்குப் பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிடுங்கள்.

வீட்டில் மூன்று அளவை எடுத்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று, எடை மையம். ஸ்பான்சனின் பின்விளிம்பிலிருந்து படகின் பின்பலகை வரை அளந்து, அதில் 30 சதவீதத் தூரத்தில் படகு சமமாக நிற்க வேண்டும். இடைவெளி 40 செ.மீ. என்றால் ஸ்பான்சன் விளிம்புக்குப் பின்னால் 12 செ.மீ. பேட்டரி வைத்து, மூடி போட்டு, ஓடும் நிலையில் அளக்க வேண்டும். இரண்டாவது, ஸ்ட்ரட்டின், அதாவது ப்ரொப்பெல்லர் தண்டைப் பின்பலகையில் தாங்கும் பிடிப்பின், ஆழம். படகை மேஜையில் வைத்துப் பின்பகுதியை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டினால், ப்ரொப்பெல்லர் தண்டின் நடுக்கோடு மேஜை மட்டத்தில் இருக்க வேண்டும்; கோணம் பூஜ்யம். மூன்றாவது, ஸ்பான்சன் அடித்தளத்தின் கோணம்: 3 டிகிரி சுற்றுவட்டாரத்தில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல. போனில் இருக்கும் ரசமட்டம் இதற்குப் போதாது. கால் டிகிரி காட்டும் சிறிய டிஜிட்டல் கோணமானி வாங்குங்கள்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டு திருகைத் திருப்பிவிட்டு எது வேலை செய்தது என்று யோசிப்பதில் பாதி நாள் போய்விடும்.

மோட்டார் அலறுகிறது, படகு நீரைவிட்டு எழவில்லை

காலை 7 மணி, கை விரைக்கும் குளிர். படகை இறக்கி முழு த்ராட்டில் கொடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுதபடியே போகிறது, மேலெழும்பி வழுக்க மறுக்கிறது. பத்தில் ஆறு தடவை இது பேட்டரியின் குளிர்.

லைப்போ குளிர்ந்தால் உள்தடை ஏறும். முழு சார்ஜில் 16.8 வோல்ட் காட்டும் பேட்டரி, படகை எழுப்பத் தேவையான பெருமின்னோட்டம் இழுக்கப்படும் அந்த நொடியில் 13 வோல்ட்டுக்குச் சரியும். அப்போது ஈஎஸ்சி வோல்ட் தீர்ந்துவிட்டது என்று எண்ணிச் சக்தியைக் குறைக்கும். பேட்டரியில் நிறைய சார்ஜ் இருக்கும், ஆனால் கொடுக்காது. சரிபார்க்க எளிய வழி: பேட்டரியைக் கையில் பிடியுங்கள். கைக்குச் சில்லென்றிருந்தால் ஓட்ட வேண்டாம். 30 முதல் 35 டிகிரி வரை சூடாக்கிவிட்டுத்தான் இறக்க வேண்டும். சாப்பாட்டு ஹாட்பேக் ஒன்றில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்து, பக்கத்தில் பேட்டரி. மூடியை இறுக்கக் கூடாது. கொதிநீர் வேண்டவே வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் லைப்போவுக்கு ஆகாது. இரவு முழுவதும் காரில் கிடந்து உறைந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடுவதும் கூடாது. ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி படிகிற காலத்தில் இதை மறந்தால் பேட்டரி உப்பிப்போகும்.

பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தும் எழவில்லை என்றால், சத்தத்தைக் கேளுங்கள். சுழற்சி சட்டென்று ஏறி, படகு கொஞ்சமும் உந்தாமல் இருந்தால் எங்கோ வழுக்குகிறது: மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருக்கும், அல்லது ப்ரொப்பெல்லரைத் தள்ளும் டாக் தண்டில் சுழல்கிறது. பெயின்ட் பேனாவால் தண்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு விலகியிருந்தால் திருடன் அகப்பட்டான். சத்தம் கனத்து, மோட்டார் திணறினால் ப்ரொப்பெல்லரில் பாசி. கொடைக்கானல் பக்கத்து ஏரிகளில் ஓரத்துப் பாசி ஒரு இழை சிக்கினாலே போதும்.

இவை எதுவும் இல்லையென்றால் மட்டும் ப்ரொப்பெல்லர் பெரிதா என்று பாருங்கள். பேட்டரி குளிரை ஸ்ட்ரட்டின் குற்றமாக எடுத்துக்கொண்டு ஸ்ட்ரட்டை ஏற்றி இறக்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. 10 மணிக்கு வெயில் வந்து பேட்டரி சூடானதும் அந்தத் திருத்தமே புதுக் கோளாறாகிவிடும்.

தவளை மாதிரி துள்ளுகிறது

துள்ளல் இரண்டு வகை. கரையில் பக்கவாட்டில் நின்று, போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்துப் பார்த்தால் ஒழியக் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது.

மூக்கு ஏறி இறங்குகிறது, பின்பகுதி அமைதியாக இருக்கிறது என்றால் கோளாறு முன்பக்கம். பேட்டரியை 5 மி.மீ. முன்னே தள்ளுங்கள், மறுபடி 5. மொத்தம் 15 மி.மீ. தள்ளியும் தீரவில்லை என்றால் எடை மையம் காரணமல்ல, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு ஸ்பான்சனைப் பாருங்கள். அடித்தளத்தின் பின்விளிம்பு கத்தி முனை போல நேராக வெட்டி நிற்க வேண்டும். பெயின்ட் பூசிப் பூசி உருண்டு போயிருந்தால் நீர் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு ஸ்பான்சனைக் கீழே இழுக்கும், பிறகு விடும், மறுபடி இழுக்கும். அதுதான் துள்ளல். விளிம்பில் அரால்டைட் ஓரமாகக் கட்டி, காய்ந்ததும் தட்டையான கட்டையில் 240 எண் உப்புத்தாள் சுற்றித் தேய்த்துக் கூராக்குங்கள். மலிவாக வரும் ஃபைபர் படகுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே சரியாகும்.

பின்பகுதி துள்ளுகிறது, மூக்கு நிலையாக இருக்கிறது என்றால் ப்ரொப்பெல்லர் அளவுக்கு மீறித் தூக்குகிறது. ஸ்ட்ரட்டை 1 மி.மீ. மேலே ஏற்றுங்கள். அல்லது ப்ரொப்பெல்லர் முனை அரை டிகிரி மேலே பார்க்கும்படி சாயுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அல்ல.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வரும். பாதி முங்கிய ப்ரொப்பெல்லர் எப்போதும் நீர்மட்டத்திலேயே ஓடப் பார்க்கும். அதனால் ஸ்ட்ரட்டைக் கீழே இறக்கினால் படகின் பின்புறம் உயரும், மூக்கு தாழும். மேலே ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து மூக்கு உயரும். தலைகீழாகத் தோன்றினாலும் இதுதான் சரி. இதை மனதில் பதிய வைக்காமல் ஸ்ட்ரட்டைத் தொடக் கூடாது.

மூக்கு தூக்கி மல்லாந்து விழுகிறது

ஹைட்ரோபிளேனின் பிறவிக் குணம் இது. அடியில் புகும் காற்று படகைத் தூக்குகிறது. அந்தத் தூக்கல்தான் வேகம். ஒரு வரம்புக்கு மேல் மூக்கு உயர்ந்தால், உயர உயர இன்னும் அதிகக் காற்று புகும். பிறகு திரும்பி வராது. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்ப்பெல் ஓட்டிய புளூபேர்ட் கே7 இப்படித்தான் மூக்குத் தூக்கிப் புரண்டது, அவர் உயிரும் போனது. மூன்று புள்ளியில் (இரண்டு ஸ்பான்சன், பின்முனை) ஓடும் படகுதான் அதுவும்.

தூக்கும் விசை காற்றின் அடர்த்திக்கு நேராகவும், வேகத்தின் இருமடிக்கு நேராகவும் ஏறும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மலைக்கணக்கைப் போடலாம். ஊட்டியின் 15 டிகிரிக் காலையில் 80 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் தூக்கல், கோயம்புத்தூரின் 30 டிகிரி வெயிலில் 73 கி.மீ. வேகத்திலேயே கிடைத்துவிடும். ஆக, மேலே 80-இல் ஒட்டி ஓடிய படகைக் கீழே கொண்டுபோய் அதே 80-இல் விட்டால், அது தன் வரம்பைத் தாண்டிவிட்டது. மேலே ஓடும்போது "இன்னும் கொஞ்சம் லேசாக மிதக்கட்டும்" என்று பேட்டரியைப் பின்னால் தள்ளியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எதிர்காற்றையும் இதோடு சேருங்கள். 80-இல் போகும் படகுக்கு 10 கி.மீ. எதிர்காற்று என்றால் காற்றைப் பொறுத்தவரை வேகம் 90. தூக்கல் 27 சதவீதம் கூடும். மலை குறைத்த 20 சதவீதத்தையும் ஒரு இளங்காற்று திருப்பிக் கொடுத்துவிட்டு மேலும் கொடுக்கும். அதனால்தான் முழு வேகச் சோதனை எல்லாம் காலை 9 மணிக்குள். வெயில் ஏறி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே வரத் தொடங்கியதும் எதிர்காற்றுத் திசையில் அரை த்ராட்டில்தான்.

திருத்தும் வரிசை: முதலில் எடை மையம் 5 மி.மீ. முன்னே. பிறகு ஸ்ட்ரட் அரை மி.மீ. கீழே. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பான்சன் கோணம் அரை டிகிரி குறைப்பு. மூக்கில் ஈயக்கட்டி வைப்பது கடைசி. எடை கூடினால் எழும்பவே சிரமம், அதுவும் குளிர்ந்த பேட்டரியோடு.

ஒரே இடத்தில் மட்டும் மல்லாந்தால் படகைப் பழிக்காதீர்கள். சிறிய குட்டையில் உங்கள் படகு எழுப்பிய அலையே கரையில் மோதித் திரும்பி வந்து நிற்கும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி நீர் அடங்கட்டும்.

மலையிலிருந்து கீழே கொண்டுபோகும் நாளில், வண்டியில் ஏற்றும் முன்பே பேட்டரியை 10 மி.மீ. முன்னே மாற்றி வைத்து, அதை டேப்பில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். கீழே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் செய்ய மாட்டோம்.

பின்புறம் கனமாக இழுக்கிறது, வேகம் வரவில்லை

வேகத்தை ஊகிக்காமல் கணக்கிடுங்கள். 4 செல்லுக்கு 14.8 வோல்ட், 2200 கேவி: சுமையில்லாமல் 32,560 சுற்று. சுமையில் 27,000 என்று வைத்துக்கொள்வோம். 42 மி.மீ. விட்டமும் அதைப்போல் 1.4 மடங்கு பிட்ச்சும் உள்ள ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் 58.8 மி.மீ. நகரும். பெருக்கினால் மணிக்கு 95 கி.மீ. வழுக்கல் 15 சதவீதம் கழித்தால் 81. ஜிபிஎஸ் 75-க்கு மேல் காட்டினால் குறைசொல்ல ஒன்றுமில்லை. 60 காட்டினால் தேடலாம்.

பின்பலகை நீரைவிட்டு விலகாமல் நனைந்தே போனால், ஸ்ட்ரட்டை அரை மி.மீ. கீழே இறக்குங்கள். காற்று மெலிந்திருப்பதால் சமவெளியில் சரியாக இருந்த படகு இங்கே சற்று ஈரமாக ஓடுவது இயல்பு. ஒரு மி.மீ.-க்குள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ப்ரொப்பெல்லர்.

கடையிலிருந்து வரும் வார்ப்பு ப்ரொப்பெல்லர் மொண்ணையாக இருக்கும். முன்விளிம்பைக் கூராக்கி, சமநிலைப்படுத்தும் கருவியில் வைத்துக் கனமான இதழின் முதுகில் தேய்க்க வேண்டும். ஆக்டுரா வகை ப்ரொப்பெல்லர்கள் பெரிலியம் கலந்த செம்பு. அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஈர உப்புத்தாளில், தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முகக்கவசத்தோடு மட்டுமே தேய்க்க வேண்டும். தூள் கலந்த தண்ணீரைத் துணியில் துடைத்துத் தனியே கட்டி வையுங்கள். வாசலில் கிரைண்டரைப் போட்டுக்கொண்டு தேய்ப்பவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

கேபிள் முறிகிறது, ஸ்ட்ரட் பேரிங் கருகுகிறது

மோட்டாரின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஃப்ளெக்ஸ் கேபிள் பல இழை முறுக்கியது. சரியான திசையில் சுழன்றால் முறுக்கு இறுகி, கேபிள் லேசாகக் குறுகும். அதனால் ப்ரொப்பெல்லர் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாமல் ஒட்டி வைத்தால் டாக் ஸ்ட்ரட்டில் உரசிப் பேரிங்கைக் கருக்கும். கேபிள் பிரிந்து பூப்போல விரிந்து உடைந்திருந்தால் முறுக்குக்கு எதிர்த்திசையில் சுழற்றியிருக்கிறீர்கள். மோட்டாரின் மூன்று கம்பியில் இரண்டை மாற்றினால் சுழற்சி திரும்பும். ப்ரொப்பெல்லரையும் அந்தப் பக்கத்துக்கானதாக மாற்ற வேண்டும். மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை கேபிளை உருவித் துடைத்துப் புது கிரீஸ். குளிரில் சாதாரண சக்கர கிரீஸ் மெழுகாகிவிடும். படகுக்கென்றே வரும் இளகிய கிரீஸ் நல்லது. குடிநீர் எடுக்கும் ஏரி என்றால் அளவோடு.

நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது

ஓடும்போது த்ராட்டிலை விட்டுப் பாருங்கள். சக்தி இருக்கும்போது மட்டும் இழுத்தால் ப்ரொப்பெல்லர் தள்ளும் தள்ளு. சுக்கான் டிரிம்மில் இரண்டு மூன்று சொடுக்கு கொடுத்தால் போதும். சக்தியை விட்ட பிறகும் இழுத்தால் சுக்கான் வளைந்திருக்கிறது, அல்லது டர்ன் ஃபின் (திரும்பும்போது நீரைப் பற்றும் செங்குத்துத் தகடு) படகின் நடுக்கோட்டுக்கு இணையாக இல்லை. நீண்ட இரும்பு ஸ்கேலை ஃபின்னோடு ஒட்டிப் பிடித்தால் அரை மி.மீ. கோணலும் தெரியும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தபடி இழுத்தால் ஸ்பான்சன் கோணங்கள் சமமில்லை.

திரும்பும்போது புரள்கிறது

மாடல் ஹைட்ரோக்கள் வழக்கமாக வலப்பக்கம் திரும்பி, கடிகாரத் திசையில் சுற்றும். ஃபின் வலது ஸ்பான்சனில். ஆள் ஓட்டும் பெரிய அமெரிக்கப் பந்தயப் படகுகள் இடப்பக்கம் திரும்புபவை, ஃபின்னும் இடப்பக்கம். அவற்றின் படத்தைப் பார்த்து ஃபின்னை மாட்டினால் தலைகீழ்.

வலப்பக்கம் திரும்பும்போது படகு வெளியே, அதாவது இடப்பக்கம், புரளப் பார்க்கும். அப்போது வலது ஸ்பான்சனைக் கீழே பிடித்துவைப்பதுதான் ஃபின்னின் வேலை. ஃபின்னின் அடிமுனை படகின் நடுவை நோக்கி உள்வாங்கியிருந்தால் நீரின் அழுத்தம் ஸ்பான்சனைக் கீழே இழுக்கும். வெளிநோக்கிச் சாய்ந்திருந்தால் மேலே தள்ளிப் புரட்டிவிடும். கல்லில் மோதி ஃபின் வளைந்த பிறகு திடீரென்று புரள ஆரம்பிப்பதன் காரணம் இதுதான். வைஸில் பிடித்து 5 டிகிரி உள்ளே வளையுங்கள்.

திரும்பும்போது வழுக்கிக்கொண்டே அகலமாகப் போனால் ஃபின் ஆழம் போதாது, அல்லது முன்விளிம்பு மொண்ணை. மாறாக, மூக்கு குத்திச் சட்டென்று சுழன்று நின்றால் சுக்கான் வீச்சு அதிகம். ரிமோட்டில் வலப்பக்க வீச்சை 60 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். மல்லாந்து விழாமலிருக்க எடை மையத்தை மிகவும் முன்னே தள்ளியவர்களுக்கும் இந்தச் சுழற்சி வரும். இரண்டுக்கும் நடுவில்தான் படகின் இடம் இருக்கிறது.

நடு ஏரியில் நின்றுவிட்டது

சுக்கான் இன்னும் அசைகிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். அசைந்தால் ரேடியோ நன்றாக இருக்கிறது. ஈஎஸ்சி வோல்ட்டுக்கோ சூட்டுக்கோ பயந்து நிறுத்தியிருக்கிறது. இரண்டு நிமிடம் விட்டு மெதுவாகக் கால் த்ராட்டில் கொடுத்தால் பெரும்பாலும் கரை சேரும். சராசரி 60 ஆம்பியர் இழுக்கும் படகுக்கு 5000 எம்ஏஹெச் என்பது முழுசாக 5 நிமிடம்தான். 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டுமானால் 4 நிமிடம். ரிமோட்டில் டைமரை மூன்றரைக்கு வையுங்கள். கரை வந்த பேட்டரியில் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் இன்னும் குறையுங்கள்.

சுக்கானும் அசையவில்லை என்றால் ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீரைத் துளைக்காது. ஏரியல் முனை நீர்மட்டத்துக்கு மேலே, செங்குத்தாக, கார்பன் தகட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, கரையில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். மூடுபனிக் காலையில் கார் ஹீட்டரின் சூட்டிலிருந்து படகை வெளியே எடுப்பதும், குளிர்ந்து கிடந்த படகைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து திறப்பதும் ரிசீவர் பெட்டிக்குள் ஈரம் படியக் காரணமாகும். ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போதும்.

மீட்க நீந்த வேண்டாம். நீரின் குளிரும் காலைச் சுற்றும் பாசியும் சேர்ந்தால் நல்ல நீச்சல்காரரையும் முடக்கும். கனமான தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டிப் படகைத் தாண்டி வீசி, மெல்ல இழுத்தால் நரம்பு படகில் மாட்டும். அதற்கு எட்டாத தூரம் என்றால் லைஃப் ஜாக்கெட்டோடு துடுப்புப் படகு.

சூடாகவே இல்லை, ஆனால் பேட்டரி உப்புகிறது

மலை மறைக்கும் கோளாறுகளில் மூத்தது. குளிர்ந்த ஏரி நீர் மோட்டாரையும் ஈஎஸ்சியையும் அழகாகக் குளிர்விக்கும். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. பெரிய ப்ரொப்பெல்லர் போட்டு 45 மி.மீ.-க்குப் போகலாம் என்ற ஆசை அங்கேதான் பிறக்கும். ஆனால் பேட்டரிக்கு நீர்க் குளிர்ச்சி கிடையாது. அதன் சூடுதான் உண்மையான சுமையைச் சொல்லும். ஓட்டம் முடிந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியில் பேட்டரி 50 டிகிரியைத் தாண்டினால், மற்றதெல்லாம் குளிர்ந்திருந்தாலும் ப்ரொப்பெல்லர் பெரிது. அதே அமைப்பைச் சமவெளியின் வெதுவெதுப்பான குளத்தில் ஓட்டினால் ஈஎஸ்சி தாங்காது. கீழே போகும்போது 2 மி.மீ. சிறிய ப்ரொப்பெல்லர்.

இங்கேயே மோட்டார் 80 டிகிரியைத் தொட்டால் நீர் வரவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டுத் துளையில் பீச்சும் நீரைப் பாருங்கள். அடைப்புக்குக் காரணம் பாசி. சிரிஞ்சால் எதிர்த்திசையில் ஊதினால் போகும்.

உள்ளே தண்ணீர்

விரிசல் எங்கும் இல்லை, டேப் நன்றாக ஒட்டியிருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு ஸ்பூன் தண்ணீர். ஓடும்போது மோட்டார் சூட்டில் படகுக்குள் இருக்கும் காற்று விரியும், கொஞ்சம் வெளியேறும். நிறுத்தியதும் குளிர்ந்த நீர் படகைச் சுற்றித் தழுவ, உள்காற்று சுருங்கும். அந்த உறிஞ்சல் கேபிள் குழாய் வழியாக நீரை இழுக்கும். குழாயில் கிரீஸ் நிறைந்திருந்தால் வராது. நின்ற படகை ஏரியிலேயே மிதக்கவிட்டுப் பேசிக்கொண்டிருக்காமல் உடனே தூக்குங்கள்.

முற்றிலும் மூடிய மிதவை அறைகள் உள்ள படகு என்றால் மலை ஏறும் வழியில் உப்பித் தையல் விடும். இறங்கும்போது உள்வாங்கும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறு துளையும் அதற்கு ஒரு திருகும் வைத்து, பயணத்தில் கழற்றி வையுங்கள். ஏரிக்கரையில் மூடுங்கள்.

பெட்ரோல் படகு: புகையும் திணறலும்

26 சிசி டூ-ஸ்ட்ரோக் படகுகளுக்கு மலை இன்னும் கடுமை. காற்று குறைந்தும் கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாததால் கலவை கொழுத்துவிடும். முழு வேகத்தில் விட்டு விட்டு ஒலிக்கும், புகை தள்ளும், பிளக் கருத்து நனைந்திருக்கும். வால்ப்ரோ கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் ஹை ஊசியைக் கடிகாரத் திசையில் ஒரு சுற்றின் பதினாறில் ஒரு பங்கு மூடி, ஒரு ஓட்டம் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நல்ல தேயிலைக் கஷாயத்தின் நிறம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வெளுத்துவிட்டால் உடனே திறக்க வேண்டும். எட்டில் ஒரு பங்குக்கு மேல் மூட வேண்டி வந்தால் வேறெங்கோ கோளாறு. காற்று குறைந்ததால் போன ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை எந்த ஊசியும் திருப்பித் தராது. பிட்ச் குறைந்த ப்ரொப்பெல்லர்தான் வழி.

மூடிய ஊசியோடு சமவெளிக்குப் போனால் அங்கே கலவை மெலிந்து, எண்ணெய் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே ஊசி பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். எத்தனை பங்கு மூடினீர்கள் என்பதை, பேட்டரியின் 10 மி.மீ. எழுதிய அதே டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.